சக டாக்டரின் தவறைப் பார்த்துவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு ஃபோன் வந்தது. பி.ஜி. படிக்கும்போது என்னோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்ற பெண். இப்போது ஒரு மாவட்டத் தலைநகரில், நடுத்தரமான தனியார் மருத்துவமனை ஒன்றில் என்னைப் போலவே மயக்க மருந்து டாக்டராக இருக்கிறாள்.

"அக்கா, சார்கிட்ட காலையிலயே வாசனை வருது. இந்த மாசத்துல மூணாவது தடவை. நான் என்ன பண்றது?"

வாசனை என்றால் மது வாசனை. சார் என்றால் அந்த ஊரில் முப்பது வருடமாக ஆபரேஷன் செய்யும் சர்ஜன். கையில் காசில்லாதவர்களுக்கு ஃபீஸ் வாங்காமல் செய்தவர், ஊரில் எத்தனையோ குடும்பங்கள் கும்பிடும் மனிதர். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவள் தூக்கம் வராமல் எனக்கு ஃபோன் செய்தாள்.

அன்று அவளிடம் பேசியதையும், அப்புறம் நான் யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டாக்டர் என்றில்லை, ஸ்டாஃப் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன், மருந்தாளுநர் என்று மருத்துவமனைக்குள் வேலை செய்யும் யாருக்கும் இந்த நிலைமை வரலாம். முன்னால் பல வழிகள் இருக்கின்றன. எந்தத் தவறுக்கு எந்த வழி என்று தெரியாமல், உண்மையைக் கையில் வைத்திருந்தும் தப்பான கதவைத் தட்டித் தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறதா? இருக்கிறது. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளில் 1.7-ஆம் பிரிவைப் பாருங்கள். தொழிலில் இருப்பவர்களின் தகுதிக்குறைவு, ஊழல், நேர்மையின்மை, நெறி தவறிய நடத்தை ஆகியவற்றை அச்சமோ தயவோ இல்லாமல் ஒரு மருத்துவர் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்து, மூன்றே வாரத்தில் நிறுத்தி வைத்துவிட்டதால், பழைய 2002 விதிகளே நடப்பில் தொடர்ந்தன. ஆனால் அந்த 1.7 யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னவரை யார் காப்பாற்றுவது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. கடமையைத் தலையில் வைத்துவிட்டு வழியைக் காட்டாமல் விட்டுவிட்டது.

அதே விதிகளில் 4.2-ஆம் பிரிவு, மற்றொரு டாக்டரின் நோயாளியைப் பார்க்கப் போகும் இடத்தில், அவர்மேல் நோயாளி வைத்திருக்கும் நம்பிக்கையைக் குலைப்பதுபோலப் பேசக் கூடாது என்கிறது. இரண்டும் மோதுவதுபோலத் தெரியும். நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: நோயாளியின் படுக்கையருகே முணுமுணுக்காதே, அதிகாரம் உள்ளவரிடம் எழுதிக் கொடு. நம் மருத்துவமனைகளில் நடப்பதோ நேர்மாறு. கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஃபைலில் ஒரு வரி இருக்காது.

ஒதுங்கிக்கொள்வது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலானவர்கள் எடுப்பது இதைத்தான். நானும் எடுத்திருக்கிறேன்.

பதினைந்து வருடம் இருக்கும். ஒரு நர்சிங் ஹோமில் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். நடுவில் ரத்தப்போக்கு தொடங்கி பி.பி. எழுபதுக்கு இறங்கியது. ரத்தம் கேட்டேன். முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கவில்லை. ஆள் ஓடிப்போய் வாங்கி வந்து ஏற்றும்வரை நானும் ஒரு நர்ஸும் ட்ரிப்ஸ் பாட்டிலைக் கையால் அழுத்திக்கொண்டு நின்றோம். நல்லவேளை, அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மாலையில் சர்ஜன் என் அனஸ்தீசியா சார்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "இந்த 11.20-ஐ மட்டும் 11.45-னு மாத்திடுங்க டாக்டர், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். அனஸ்தீசியா சார்ட் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடியையும் பி.பி.யையும் புள்ளி வைத்துக்கொண்டே போகும் தாள். ரத்தப்போக்கு எப்போது தொடங்கியது, எத்தனை நேரம் ரத்தமில்லாமல் கிடந்தார் என்பதற்கு அந்தப் புள்ளிகளைத் தவிர சாட்சி கிடையாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிப் பையில் போட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து அங்கிருந்து எனக்கு ஃபோன் வரவில்லை. மயக்க மருந்து டாக்டர்களில் பாதிப் பேர் பிழைப்பது சர்ஜன்கள் கூப்பிட்டால்தான். மாதக் கடைசியில் அந்த இழப்பு கையில் தெரிந்தது. ஆனாலும் என் கை சுத்தம் என்ற நிம்மதி இருந்தது.

அந்த நிம்மதிதான் தப்பு. என் இடத்துக்குப் படிப்பு முடித்து ஆறு மாதமே ஆன ஒரு பையன் போனான். அங்கே ரத்தம் ஏற்பாடு செய்யாமலே கேஸ் எடுப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பயந்து கேள்வி கேட்கும் ஒரு ஆளை அந்தத் தியேட்டரிலிருந்து நானே எடுத்துவிட்டேன். அடுத்த நோயாளிக்கு நான் செய்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து, இந்த வழிகளை எடைபோட எனக்கு இருப்பது ஒரே கேள்வி: அடுத்த ஆபரேஷன் என்றைக்கு, அந்த மேஜையில் படுக்கப்போகிறவருக்கு இதனால் என்ன மாறும்?

நேரில் பேசுவது

ஒரு தடவை நடந்த பிசகு, களைப்பில் செய்த தவறு, புதிய முறை தெரியாமல் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது போன்றவற்றுக்கு இதுதான் நல்ல வழி. வேகமான வழியும்கூட. மனிதர்களும் திருந்துகிறார்கள். கவுன்சிலுக்கு எழுதும் அளவுக்கு ஒவ்வொரு பிசகையும் கொண்டுபோனால் யாரும் தங்கள் தவறை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அதுவும் நோயாளிக்கு ஆபத்துதான்.

ஆனால் கேஸ் ஷீட்டைத் திருத்துவது, பணத்துக்காகத் தேவையில்லாத ஆபரேஷன், நோயாளியிடம் பாலியல் அத்துமீறல் போன்றவற்றில் நேரில் பேசப் போகவே கூடாது. பேசிய அன்றே அவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிடும். ஆதாரம் காணாமல் போகும், சாட்சி சொல்லக்கூடிய நர்ஸ் வேறு வார்டுக்கு மாற்றப்படுவார், நீங்கள் "பிரச்சனை பண்ற ஆள்" ஆகிவிடுவீர்கள்.

வாசனை விஷயத்தில்? அவளுக்கு முப்பத்து மூன்று வயது, அவருக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. நேற்று வந்த பிள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவர் வயதுக்காரர், அவர் மதிக்கும் ஒருவர் போய்ப் பேசினால் பலன் இருக்கலாம். ஆனால் மூன்றாவது தடவை என்கிறபோது பேச்சு மட்டும் போதாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து டாக்டருக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு பிடி இருக்கிறது. நாம் மருந்தை ஏற்றாமல் ஆபரேஷன் தொடங்காது. காலை எட்டு மணிக்கு வாசனை வந்தால், அவசர கேஸ் இல்லையென்றால், மயக்கம் கொடுக்காமல் நிறுத்தலாம். "பி.பி. சரியில்ல சார், நாளைக்கு வெச்சுக்கலாம்" என்று சொல்லித் தள்ளிப்போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலைப் பொழுதுக்கு அந்தப் பொய்யை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு உயிர் தப்பியது. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் உண்மைக் காரணம் எங்காவது தேதியோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக் காலையிலும் பி.பி.மேல்தான் பழி விழும்.

மருத்துவமனைக்குள் எழுதிக் கொடுப்பது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு பிரிட்டனின் பிரிஸ்டல் நகரம் ஞாபகம் வரும். அங்கேயும் முதலில் பார்த்தவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். ஸ்டீபன் போல்சின் 1988-ல் பிரிஸ்டல் ராயல் இன்ஃபர்மரியில் சேர்ந்தார். குழந்தைகளின் இதய ஆபரேஷன்கள் அங்கே மிக நீண்ட நேரம் இழுப்பதையும், இறப்பு அதிகமாக இருப்பதையும் கவனித்தார். 1990-ல் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம்: கோபத்தை வைத்துக்கொண்டு எண்களைச் சேர்க்க ஆரம்பித்தார். எத்தனை கேஸ், எந்த வகை, எத்தனை இறப்பு. 1995 ஜனவரியில் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றின் ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரவு டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். வேண்டாம் என்று போல்சின் சொல்லியும், மறுநாள் ஆபரேஷன் நடந்தது. குழந்தை இறந்தது.

1998-ல் அந்நாட்டின் பொது மருத்துவ கவுன்சில், சர்ஜன் ஜேம்ஸ் விஷார்ட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மற்றொரு சர்ஜன் ஜனார்தன் தஸ்மானா மூன்று ஆண்டுகள் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யக் கூடாது என்று தடை விதித்தது. ராய்லன்ஸின் பெயரையும் நீக்கியது. அவர் கத்தியைத் தொடவே இல்லை. டாக்டராக இருந்து நிர்வாகத்துக்குப் போனவர், சொல்லப்பட்டதைக் கேட்டும் சும்மா இருந்தார், அவ்வளவுதான் குற்றம். 2001-ல் வந்த இயன் கென்னடி விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர், மற்ற மையங்களோடு ஒப்பிட்டால் நேர்ந்திருக்கக் கூடாத மரணத்தைச் சந்தித்தார்கள் என்றது. போல்சினோ ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார்.

உள்ளே எழுதுவதன் பலமும் பலவீனமும் இதில் இருக்கின்றன. நாளைய ஆபரேஷன் லிஸ்ட்டை இன்றே மாற்றக்கூடியவர் மெடிக்கல் சூப்பரின்டெண்டெண்ட்தான், வேறு யாராலும் அது முடியாது. ஆனால் அவர் காகிதத்தை டிராயரில் போட்டுப் பூட்டவும் முடியும். அதனால் வாயால் சொல்லாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், நகலில் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். அந்தச் சீல் விழுந்த நிமிடத்திலிருந்து "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. ராய்லன்ஸ் கதையைத் தெரிந்துவைத்திருக்கும் நிர்வாகி அந்த நகலின் அர்த்தத்தைப் புரிந்துகொள்வார்.

மருத்துவமனையின் முதலாளியே அந்த சர்ஜன் என்றால் இந்த வழி கிடையாது. நம் ஊர் நர்சிங் ஹோம்களில் பாதி அப்படித்தான். நேராக வெளியே போக வேண்டியதுதான்.

மருத்துவ கவுன்சில்

ஒரு டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அதிகாரம் உள்ளது மாநில மருத்துவ கவுன்சிலுக்குத்தான். நமக்கு தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். புகாரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2002 விதிகள் சொல்கின்றன. நடப்பில் அதைவிட நீளும் என்று எண்ணியே இறங்க வேண்டும். அங்கே நஷ்டஈடு கிடைக்காது. நாளைய ஆபரேஷனும் நிற்காது. ஆகவே அவசரத்துக்கு இது உதவாது. ஆனால் ஒரே ஆள் ஊர் ஊராக மருத்துவமனை மாறிக்கொண்டே போகும்போது, அவரை எல்லா இடத்திலும் நிறுத்தக்கூடிய கதவு இது ஒன்றுதான். புகார் கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: 2019-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் மேல்முறையீட்டு உரிமையை வெளிப்படையாகத் தருவது டாக்டருக்குத்தான். முதல் புகாரையே முழு ஆதாரத்தோடு கொடுத்துவிடுங்கள்.

எல்லோரும் பயப்படுவது மானநஷ்ட வழக்குக்கு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில், பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது போலவே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒருவர்மேல் சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம், அந்த விஷயம் பற்றி, நல்லெண்ணத்தோடு வைக்கும் குற்றச்சாட்டு அவதூறு ஆகாது. வழக்கே போட மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, போட்டால் நிற்பதற்குத் தரை இருக்கிறது என்று அர்த்தம். கவுன்சிலுக்கும் சூப்பரின்டெண்டெண்டுக்கும் எழுதும் கடிதத்துக்கு இந்தத் தரை உண்டு. டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும் பதிவுக்குக் கிடையாது.

தேர்வு செய்ய இடமே இல்லாத தவறுகள்

சில விஷயங்களில் எந்தக் கதவு என்று யோசிக்க உரிமையில்லை. நோயாளி குழந்தை, டாக்டரிடமிருந்தே பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீஸிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஒரு வருடம்வரை. குழந்தைகள் சொன்னதைக் கேட்டும் தகவல் தராமல் இருந்த ஒரு டாக்டர்மேல் போட்ட வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது. "முதலில் டீனிடம் சொல்லிப் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

கருவில் ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு மாவட்டத்திலேயே அதிகார அமைப்பு இருக்கிறது, நம் பக்கத்தில் ஜே.டி. (மருத்துவப் பணிகள் இணை இயக்குநர்) அலுவலகம். சாதாரண அலட்சியத்துக்குப் போலீஸுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்பந்தமில்லாத மற்றொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் விசாரணை அதிகாரி மேலே போகக் கூடாது என்றது. அந்தக் கருத்து வந்து சேர்வதற்குள் எல்லோரும் தங்கள் கதையைச் சரிசெய்துகொண்டு விடுவார்கள்.

பத்திரிகையும் சமூக ஊடகமும்

கடைசியாக வைக்கிறேன், ஆனால் தள்ளிவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் 2003 முதல் 2005 வரை சர்ஜனாக இருந்த ஜெயந்த் படேல்மேல், ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸ் டோனி ஹாஃப்மன் உள்ளேயே திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார். யாரும் அசையவில்லை. கடைசியில் 2005-ல் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோனார், அவர் சபையில் எழுப்பினார். அப்புறம் ஒரு பத்திரிகையாளர் இணையத்தில் தேடியதில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் படேலுக்கு ஏற்கெனவே ஆபரேஷன் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. வேலைக்கு எடுத்தவர்கள் செய்திருக்க வேண்டிய தேடல் அது.

ஹாஃப்மன் உள்ளே எழுதியிருந்த கடிதங்கள் இருந்ததால்தான் வெளியே போனபோது அவர் பேச்சு எடுபட்டது. முதலிலேயே வெளியே போயிருந்தால் சொந்தப் பகை என்று ஒதுக்கியிருப்பார்கள். நம் நாட்டில் இன்னொரு சிக்கல்: தகவல் தருவோரைக் காக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை, வந்தாலும் அது அரசு ஊழியர் சம்பந்தப்பட்ட புகார்களுக்குத்தான். அரசு டாக்டர்களுக்கு நடத்தை விதிகளும் கையைக் கட்டுகின்றன. அதோடு, ஃபேஸ்புக்கில் கேஸை விவரிக்கும்போது முதலில் அம்பலமாவது நோயாளிதான்.

நோயாளியான டாக்டர்

வாசனைக்குத் திரும்புகிறேன், என் மனம் மிகவும் அலைபாய்ந்தது இங்கேதான். குடி ஒரு நோய். எங்கள் துறையிலேயே ஃபென்டனில் என்ற வலி மருந்துக்கு அடிமையானவர்கள் உண்டு. தியேட்டர் கழிப்பறையில் விழுந்து கிடந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு ஊரிலும் மெல்லிய குரலில் பேசுவார்கள். புகார் என்றாலே பதிவு போய்விடும் என்றால் இவர்கள் சிகிச்சைக்கு வரவே மாட்டார்கள். 2010 முதல் ஆஸ்திரேலியாவில், போதையில் பணி செய்வது, பாலியல் அத்துமீறல், பொதுமக்களுக்குப் பெரிய ஆபத்து விளைவிக்கும் உடல் மனநலக் குறைபாடு, தரத்திலிருந்து பெரிய அளவில் விலகுவது ஆகிய நான்கையும் சக டாக்டர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆனால் அந்த டாக்டருக்குச் சிகிச்சை தரும் டாக்டருக்கு மட்டும் அளவுகோலை 2020-ல் தளர்த்தினார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் அவருக்கு முழு விலக்கே இருக்கிறது. சிகிச்சைக்கு வருபவர் பயப்படக் கூடாது என்பதற்காக.

அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. நான் உங்கள் டாக்டர் என்றால் உங்கள் ரகசியம் என்னோடு. நான் உங்களோடு தியேட்டரில் நிற்கிறவள் என்றால், மேஜையில் படுத்திருப்பவருக்குத்தான் நான் கடமைப்பட்டவள். அவரிடம் சிகிச்சைக்குப் போகச் சொல்லலாம், கூடவே போகலாம், குடும்பத்திடம் பேசலாம். ஆனால் அதுவரை கத்தி அவர் கையில் இருக்கக் கூடாது.

அவளிடம் நான் சொன்னது, உள்ளே எழுத்தில் கொடு, ஒரு வாரத்தில் அசைவில்லையென்றால் கவுன்சிலும் ஜே.டி. அலுவலகமும் என்று. அன்றிரவே கடிதத்தை எழுதி அனுப்பினாள். "மது அருந்திவிட்டு வந்தார்" என்று இருந்தது. அவர் அருந்தியதை நீ பார்த்தாயா என்று கேட்டேன். அடித்துவிட்டு, "காலை 8.10-க்கு அருகில் நின்றபோது மது வாசனை வந்தது, கையுறை மாட்டும்போது இரு கைகளும் நடுங்கின" என்று எழுதினாள். "இது அவருக்கு வழக்கம்" என்ற வரியையும் எடுக்கச் சொன்னேன். மூன்று தேதி, மூன்று நேரம், உடனிருந்த ஸ்டாஃப் நர்ஸின் பெயர் மட்டும் மிஞ்சியது. அந்த நர்ஸிடம் அனுமதி கேட்டுத்தான் பெயரைச் சேர்த்தாள். முக்கால் பக்கம்.

மறுநாள் காலை ஏழே காலுக்கே போய்க் கொடுத்திருக்கிறாள். சூப்பரின்டெண்டெண்ட் இரண்டு தடவை படித்தாராம். நகலில் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இன்னைக்கு லிஸ்ட்ல யார் யார் இருக்காங்கம்மா?"